புதினா வாடுவது ஏன்? மீட்பது எப்படி?



"எங்கள் வீட்டில் புதினா மட்டும் வளர்வதில்லை, எனக்குக் கைராசி இல்லை" என்று கூறும் தாய்மார்களை நம் வட்டாரத்தில் அடிக்கடி காண்கிறோம். அவர்கள் வீட்டில் மிளகாய் காய்க்கிறது, வெண்டை காய்க்கிறது, கறிவேப்பிலை கூரையைத் தொடுகிறது. புதினாவோ நட்ட சில நாட்களில் தளிர்க்கிறது. இரண்டு மாதங்களில் மெலிகிறது. பிறகு ஒருநாள் அடைமழைக்குப் பின் தலை தொங்கிக் கறுத்து மடிகிறது. சந்தையில் மீண்டும் ஒரு கட்டு வாங்கி நடுகிறார்கள். அதுவும் அவ்வாறே ஆகிறது. மூன்றாம் முறையும் தோற்றவர்கள் கைராசியின்மேல் பழியைப் போட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

செடிக்குக் கைராசி தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒளி, நீர், காற்று, மண், வெப்பம் என்பனவே. இவற்றுள் ஏதோ ஒன்று மிகுந்தோ குறைந்தோ போனமையால்தான் அது வாடுகிறது. அக்காரணத்தைக் கண்டுகொண்டால், மடிந்துவிட்டது என்று கைவிட்ட செடியையும் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். நம் ஊரில் புதினா வாடுவதற்குரிய முதற்காரணம் எது, அதனைக் கண்டறிவது எவ்வாறு, மீட்கும் வழி யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக விளக்க முற்படுகிறோம்.

புதினாவின் இயல்பு

புதினா, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூரவல்லியும் அக்குடும்பமே. புதினாத் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். அது உருண்டையாக இராது. நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் அமைந்திருக்கும். இலையின் மேலுள்ள நுண்ணிய மயிர்ச் சுரப்பிகளில் நறுமண எண்ணெய் தங்கியிருக்கிறது. இலையைக் கசக்கும்போது அச்சுரப்பிகள் உடைவதனாலேயே மணம் எழுகிறது.

'புதினா' என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. மலாய் மொழியிலும் இதனைப் 'புடினா' என்றே வழங்குகின்றனர். நாம் துவையலுக்கும் பிரியாணிக்கும் இடும் இதே தழையைத்தான் பினாங்கு அசாம் லக்சாவின் மேலும் தூவுகிறார்கள். சமையலுக்குரிய வகையை அறிவியலார் மெந்தா ஸ்பிகாட்டா என்பர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. மிட்டாயிலும் தைலத்திலும் குளிர்ச்சி தரும் மெந்தால் என்னும் பொருள் மற்றொரு வகைப் புதினாவிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தியாவில் உத்தரப் பிரதேச மாநிலத்துப் பாராபங்கி மாவட்டம் அவ்வகைக்குப் பெயர்பெற்றது.

புதினாவை வளர்க்க விரும்புவோர் அதன் தண்டைப் பற்றி முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். இலைகள் தண்டோடு சேரும் இடத்தைக் கணு என்கிறோம். புதினாவின் ஒவ்வொரு கணுவிலும் இலை மட்டுமன்றி, வேர்விடும் ஆற்றலும் புதுத்தளிர் விடும் ஆற்றலும் அடங்கியுள்ளன. மேல்நோக்கி வளரும் தண்டுகளைத் தவிர, மண்ணின் மேலும் மண்ணுக்குச் சற்றுக் கீழும் படர்ந்து ஓடும் தண்டுகளும் இதற்கு உண்டு. அவை சென்ற இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேரூன்றிப் புதிய செடிகளாகின்றன. ஆகவே புதினா ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் செடி அன்று. ஆண்டுதோறும் இடம்பெயர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செடி. இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

புதினா பூப்பதற்கு நீண்ட பகற்பொழுது தேவை. நாம் நிலநடுக்கோட்டிற்கு அருகில், ஏறத்தாழ 4 பாகை வடக்கே வாழ்கிறோம். இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஆதலின் நம் வீட்டுப் புதினா பெரும்பாலும் பூப்பதில்லை, விதையும் தருவதில்லை. அதனால் நமக்கு இழப்பொன்றுமில்லை. அறிவியல் பாடத்தில் 'தண்டு வெட்டு' வழி இனவிருத்தி என்று படிக்கிறீர்கள் அல்லவா? புதினா அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தண்டு வெட்டி நட்ட செடி தாய்ச்செடியின் இயல்புகள் அனைத்தையும் மாறாமல் பெற்றிருக்கும். உங்கள் பாட்டி அண்டை வீட்டாரிடம் ஒரு பிடி வாங்கி நட்டிருந்தால், அதே செடிதான் இன்று உங்கள் வீட்டிலும் வளர்கிறது.

நம் ஊரின் மழையும் மண்ணும்

சுங்காய், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே அமைந்துள்ளது. மலையடிவார ஊர்களில் பிற்பகல் மழை மிகுதி. அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது உச்சத்தை அடைகிறது. பகல் வெப்பமோ 32 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. மேலும், நெடுங்காலப் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் சென்றுவிட்டமையால் நம் நாட்டுச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ரப்பரும் செம்பனையும் இத்தகைய மண்ணைத் தாங்கி வளர்கின்றன. புதினா அதனை விரும்புவதில்லை.

தமிழகத்தில் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் பெயர்பெற்ற ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரி. அது ஒசூரை அடுத்த மேட்டுநிலம். நம் சமவெளியைவிடக் குளிர்ந்த பகுதி. நம் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலையேறிச் சென்றால் கேமரன் மலையை அடையலாம். அங்குள்ள தானா ராத்தாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 18 பாகை செல்சியசே. குளிர்ந்த மேட்டுநிலத்தில் வளர்ந்த தண்டைச் சந்தையில் வாங்கி வந்து, நடுப்பகல் வெயிலில், நீர் வடியாத தொட்டியில் நட்டால் அது எவ்வாறு தாங்கும்?

"அந்தக் காலத்தில் லயத்து வீட்டுப் புதினா தானாகவே வளர்ந்ததே!" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அதற்கும் காரணம் உண்டு. லயத்து வீடுகளில் புதினா பெரும்பாலும் பாத்திரம் கழுவும் இடத்திற்கு அருகில், சரிவான மண்ணில் நின்றது. நீர் வந்தது, வந்த நீர் தேங்காமல் ஓடியது. விறகடுப்புச் சாம்பலை அங்கேயே கொட்டினார்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்தது. பொட்டாசியச் சத்தையும் தந்தது. படர்ந்து செல்ல இடமும் இருந்தது. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. குடும்பங்கள் பல தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அங்கே வாசல் முழுதும் சிமெந்துத் தரை. புதினாவுக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அடுப்பும் எரிவாயு அடுப்பாகிவிட்டமையால் சாம்பல் இல்லை. மாறியது செடியின் சூழலே. அதே தாயின் கைதான் அன்றும் நட்டது, இன்றும் நடுகிறது.

வேரும் மூச்சு விடுகிறது

இலை மூச்சு விடுவதை நாம் படித்திருக்கிறோம். வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நீரையும் சத்துகளையும் உறிஞ்சி மேலே அனுப்ப வேருக்கு ஆற்றல் தேவை. அவ்வாற்றலைப் பெற உயிர்வளி தேவை. நல்ல மண்ணில் துகள்களுக்கிடையே சிறு சிறு இடைவெளிகள் உள்ளன. அவற்றில் காற்று தங்குகிறது. மண்ணில் நீர் தேங்கினால் அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிக்கொள்கிறது. உயிர்வளி காற்றினூடே பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரினூடே பரவும் வேகம் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். எனவே நீர் தேங்கிய தொட்டியில் வேர் மூச்சுத் திணறுகிறது, பின்னர் அழுகுகிறது.

அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே சுற்றிலும் நீர் நிறைந்திருக்கையிலேயே இலைகள் தாகத்தால் வாடுகின்றன. வாட்டத்தைக் கண்ட நாம் என்ன செய்கிறோம்? "ஐயோ, தண்ணீர் போதவில்லை" என்று மேலும் ஒரு குவளை ஊற்றுகிறோம். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்கிறோம். நம் வட்டாரத்தில் புதினா மடிவதற்கு முதற்காரணம் இதுவே. வாடிய செடியைக் கண்டவுடன் கை நீர்க்குவளையை நோக்கிச் செல்லுதல் கூடாது. முதலில் விரல் மண்ணுக்குள் செல்லுதல் வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

கீழ்க்காணும் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்க.

1. விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் செலுத்துக. மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேரழுகல் என்று ஐயுறலாம். செடியை மெல்லத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க. நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறிக் குழைந்து, தீநாற்றம் வீசும்.

2. ஊற்றிய நீர் உடனே தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வெளியேறுகிறதா? தினமும் நீர் விட்டும் மாலையில் செடி வாடுகிறதா? அப்படியாயின் தொட்டி முழுதும் வேர் நிறைந்துவிட்டது என்று பொருள். மண்ணுக்கு இடமில்லை, ஆகவே நீர் தங்கவும் இடமில்லை.

3. தண்டு நீண்டு மெலிந்து, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி மிகுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஒளி போதவில்லை.

4. அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகி, நுனி இலைகள் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு எனலாம். சத்துப் பற்றாதபோது செடி தன் முதிய இலையிலிருந்து அதனை எடுத்து இளந்தளிருக்குக் கொடுக்கிறது. வேர் கெட்டிருந்தாலும் இலை மஞ்சளாகும். ஆகவே முதற்குறியைச் சோதித்த பின்னரே இம்முடிவுக்கு வருதல் நன்று.

5. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் துருப் போன்ற பொடி தென்பட்டால், அது துருநோய். இது ஒரு பூஞ்சையால் விளைவது. இலை நெடுநேரம் நனைந்திருந்தால் விரைவில் பரவும்.

6. மழை படாத தாழ்வாரத்தில் வைத்த செடியின் இலைகளில் வெளிறிய நுண்புள்ளிகளும், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் காணப்பட்டால் அது செஞ்சிலந்திப் பேன். உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் அவை ஊர்வதைக் காணலாம்.

மீட்கும் முறை

வேரழுகல், வேர் நெருக்கம், சத்துக் குறைவு ஆகிய மூன்றுக்கும் மருந்து ஒன்றே. செடியை எடுத்து, வெட்டி, பிரித்து, புதுமண்ணில் நடுதல் வேண்டும்.

முதலில் காப்புத் தண்டு எடுத்துக்கொள்க. செடியில் நலமாக உள்ள நுனிகள் மூன்று நான்கை விரலளவு நீளத்திற்கு வெட்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் இட்டு வைக்க. தாய்ச்செடி மடிந்தாலும் இவை கைகொடுக்கும்.

அடுத்து, செடியைத் தொட்டியிலிருந்து முழுமையாக எடுத்துப் பழைய மண்ணை உதிர்த்துவிடுக. பழுத்துக் குழைந்த வேர்களைக் கழுவிய கத்தரியால் வெட்டி நீக்குக. பின்னர்த் தண்டுகளை அடியிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டிவிடுக. தாய்மார்கள் இதற்குத் தயங்குவார்கள். இருக்கின்ற நான்கு இலைகளையும் வெட்டுவதா என்று மனம் கேட்காது. ஆயினும், வேர் பாதியாகக் குறைந்துவிட்ட நிலையில் அத்தனை இலைக்கும் அதனால் நீர் வழங்க இயலாது. சுமையைக் குறைத்தாலன்றி அது பிழைக்காது.

இப்போது வேர்த்தொகுதியை உற்றுநோக்குக. நடுப்பகுதி முதிர்ந்து மரத்துப்போயிருக்கும். ஓரங்களில் வெண்மையான இளந்தண்டுகள் ஓடியிருக்கும். நடுப்பகுதியை நீக்கிவிட்டு, ஓரத்து இளம்பகுதிகளை இரண்டு மூன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்க. புதினா தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செடி என்று முன்னர்க் கூறினோம். தரையில் அது தானாகச் செய்துகொள்வதைத் தொட்டியில் நாம் செய்து கொடுக்கிறோம். பாராபங்கி உழவர்களும் பழைய செடியையே நம்பியிராமல், ஓடுதண்டுகளை எடுத்து ஆண்டுதோறும் புதிதாகவே பயிரிடுகின்றனர்.

மண்கலவைக்கு, தோட்டத்து மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு எடுத்துக்கொள்க. 10 லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி விவசாயச் சுண்ணாம்புத்தூள் சேர்த்தால் புளிப்புக் குறையும். ஈப்போவைச் சூழ்ந்துள்ள வெண்குன்றுகள் அனைத்தும் சுண்ணாம்புக் கல்லே. அத்தகைய கல்லை அரைத்து எடுப்பதுதான் இத்தூள். வெற்றிலைக்கு இடும் நீற்றுச் சுண்ணாம்பு காரம் மிகுந்தது, அதனை இடலாகாது. தூள் கிடைக்காவிடில் விறகுச் சாம்பல் ஒரு பிடி போதும்.

தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருத்தல் நன்று. 30 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் போதுமானவை. செம்பனை நாற்றுக்குரிய கறுப்புப் பையையும் பயன்படுத்தலாம். அடியில் துளைகள் இருத்தல் இன்றியமையாதது. தொட்டியை இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால் துளை அடைபடாது.

நட்ட பின் ஒருமுறை நன்றாக நீர் ஊற்றுக. பிறகு மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்திற்கு உலரும் வரை காத்திருக்க. மழை நேரே படாத, வெளிச்சமான நிழலில் 7 முதல் 10 நாட்கள் வைத்திருக்க. இக்காலத்தில் உரம் இடலாகாது; புண்பட்ட வேரை உரம் மேலும் எரிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் மண்ணோரத்தில் கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்த சிறு முளைகள் தோன்றும். அதன்பின் காலை வெயில் படும் இடத்திற்கு மாற்றலாம்.

துருநோய் கண்ட செடிக்கு மட்டும் வேறு முறை வேண்டும். தண்டுகள் அனைத்தையும் மண்மட்டத்தில் வெட்டி, உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுதல் வேண்டும். எருக்குழியில் போடலாகாது. பூஞ்சை அங்கேயும் உயிர்வாழும். நிலத்தடித் தண்டுகளை 44 பாகை செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடங்கள் வைத்து, உடனே குளிர்நீரில் ஆற்றி நடும் முறையும் உண்டு. வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டை நம்பி இதனைச் செய்தால் செடி வெந்துவிடும். வீட்டளவில், நோயற்ற தண்டை வேறிடத்தில் பெற்றுப் புதுமண்ணில் தொடங்குவதே எளிது.

செஞ்சிலந்திப் பேனுக்கு நீரே மருந்து. இலைகளின் அடிப்புறத்தில் படுமாறு சில நாட்கள் தொடர்ந்து காலையில் நீர் பீய்ச்சிக் கழுவினால் குறைந்துவிடும்.

சந்தைத் தண்டிலிருந்து புதுச்செடி

வீட்டில் செடியே இல்லாதவர்கள் சந்தைக் கட்டிலிருந்து தொடங்கலாம். நுனி வாடாத, தண்டு தடித்த ஐந்தாறு கொம்புகளைத் தேர்ந்தெடுக்க. ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்திற்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிடுக. கணு நீருக்குள் இருக்குமாறு குவளையில் இட்டு, சமையலறைச் சன்னலோரம் வைக்க. நீரை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வெண்வேர் இறங்கும். அவ்வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆனவுடன் மண்ணில் நடுக. நெடுநாள் நீரிலேயே விட்டுவைத்தால் வேர் நீருக்குப் பழகி, மண்ணில் ஊன்றத் தடுமாறும்.

பேணும் முறை

நாள்தோறும் 4 முதல் 6 மணி நேரக் காலை வெயிலும், பிற்பகல் நிழலும் புதினாவுக்கு ஏற்றவை. நீரை இலைமேல் ஊற்றாமல் அடிமண்ணில் காலையில் ஊற்றுதல் நன்று. மாதத்திற்கு ஒருமுறை ஒரு பிடி மக்கிய எரு போதும். பச்சைக் கோழி எருவை இடுவோர் உளர். அதன் காரம் வேரை எரித்துவிடும்.

பறிப்பதும் ஒரு பேணுதலே. இலையை மட்டும் உருவினால் மொட்டைத் தண்டு நிற்கும். தண்டை, அடியில் இரண்டு மூன்று கணுக்கள் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுதல் வேண்டும். வெட்டிய இடத்திற்குக் கீழுள்ள கணுவிலிருந்து இரண்டு தளிர்கள் கிளம்பும். ஒரே நாளில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்கலாகாது. தீபாவளிப் பிரியாணிக்கு ஒரு தொட்டி போதாது என்றால், இரண்டு மாதம் முன்னரே மூன்று தொட்டிகளாகப் பெருக்கிக்கொள்க. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மேற்கூறியவாறு பிரித்து நடுதல் நலம்.

செய்யத் தகாதவை

புதினாத் துவையலை நாம் பச்சையாகவே அரைத்து உண்கிறோம். ஆகவே அதன்மேல் எவ்வகை இரசாயனமும் தெளிக்கலாகாது. இதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டங்களில் பயன்படுத்திய களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிக் கலன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, செடி நடவும் நீர் மொள்ளவும் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அக்கலன் உணவுச் செடிக்கு ஏற்றதன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தோட்டத் தொழிலாளர், குறிப்பாகப் பெண்கள், பல்லாண்டுகள் தெளித்து வந்தனர். ஒரு மிடறு உட்சென்றாலும் உயிரைப் போக்கக்கூடிய நஞ்சு அது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. நம் நாட்டில் 1.1.2020 முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய கலன் எதுவும் வீட்டுக் கொட்டகையில் கிடந்தால் மாணவர்கள் அதனைத் தொடாமல் பெரியவர்களிடம் தெரிவித்தல் வேண்டும்.

மற்றொன்று, தொட்டியின் அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டிலாகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். டிங்கிக் காய்ச்சல் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. வீட்டு வளாகத்தில் கொசுப் புழு காணப்பட்டால், 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டம் விதிக்கவும் இடமுண்டு. தட்டை எடுத்துவிடுதல் செடிக்கும் நல்லது; வீட்டாருக்கும் நல்லது.

மாணவர்க்கு ஒரு சோதனை

ஒரே அளவுள்ள பழைய மைலோ டின்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கையை வெட்டாதபடி பெரியவர்களிடம் கொடுத்துத் தட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்றின் அடியில் ஐந்து துளைகள் இடச் செய்யுங்கள். மற்றொன்றில் துளை வேண்டாம். இரண்டிலும் ஒரே மண்கலவையை இட்டு, ஒரே கட்டிலிருந்து வேர்விட்ட தண்டுகளை நடுங்கள். இரண்டையும் ஓரிடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். மூன்று வாரங்களுக்கு இலையின் நிறம், தண்டின் உயரம், மண்ணின் மணம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். முடிவில் இரண்டையும் எடுத்து வேரை ஒப்பிடுங்கள். எந்தச் செடி வாடியதோ, அதனைத் தூக்கியெறிய வேண்டாம். மேற்கூறிய முறைப்படி அதனை மீட்டுப் பாருங்கள். சோதனையின் சிறந்த பகுதி அதுவே.

முடிவுரை

1974ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தார். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, வீட்டு வாசலில் நாலு செடி இருப்பதன் அருமையை நாம் மீண்டும் உணர்ந்தோம். பெரிய நிலம் இல்லாதவர்களுக்கும் ஒரு தொட்டிப் புதினா இயலும்.

ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது துவையல் மட்டுமன்று. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லும் நாவே, "இவனுக்குக் கணக்கு வராது", "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்றும் சொல்லிவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே வகைப்பட்ட தீர்ப்புகள். இரண்டிலும் காரணம் தேடும் வேலை நின்றுவிடுகிறது. கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை உண்டு. காலை உணவு இன்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளை உண்டு. வீடு மாறி வந்து இன்னும் வேரூன்றாத பிள்ளையும் உண்டு. அவர்களிடம் மேலும் மேலும் வீட்டுப்பாடத்தைக் கொட்டுவது, ஈரமண்ணில் வாடும் செடிக்கு நீர் ஊற்றுவது போன்றது. ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நீங்களும் முதலில் விரலை மண்ணில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தண்டையேனும் வேர்விடச் செய்து, பள்ளி திறக்கும் நாளில் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவற்றுள் பாதியைப் பள்ளித் தோட்டத்தில் நடுவோம். மீதியை, புதினா தமக்கு வளராது என்று சொல்லும் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவோம்.